காய்ச்சலின் ஊற்றைத் தேடியவர்

1901ஆம் ஆண்டில் கிள்ளான் ஒரு சிற்றூர். ஏறத்தாழ 3,500 பேர் அங்கு வாழ்ந்தனர். ஊரைச் சுற்றிச் சதுப்பு நிலமும் அடர்ந்த காடும் இருந்தன. மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு காய்ச்சல். முதலில் உடல் நடுங்கும், பற்கள் கிட்டும், எத்தனை போர்வை போர்த்தினாலும் குளிர் அடங்காது. பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். பின்னர் வியர்வை கொட்டிக் காய்ச்சல் தணியும். பிழைத்தோம் என்று நோயாளி எழுந்து உட்காருவார். ஒரு நாள் விட்டு அதே நேரத்தில் நடுக்கம் மீண்டும் தொடங்கும்.

மருத்துவமனையில் படுக்கை போதவில்லை. கடைகள் பூட்டிக் கிடந்தன. அரசு அலுவலகங்களில் வேலை பார்க்க ஆளில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றிருந்தார்.

வாட்சன் 1873ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1895இல் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டு மலாயா அரசு மருத்துவச் சேவையில் சேர்ந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறோ இருபத்தேழோதான்.

மலேரியா கெட்ட காற்றினால் வருகிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. அந்தப் பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். புதுக்காட்டை வெட்டி மண்ணைக் கிளறினால் நச்சு ஆவி எழும். அதைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சல் வரும் என்று தோட்ட முதலாளிகளும் பொறியாளர்களும் நம்பினர். இந்த நம்பிக்கையை உடைத்தவர் ரொனால்டு ராஸ். இந்திய மருத்துவச் சேவையில் பணியாற்றிய அவர், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது மலேரியாக் கிருமியை அதில் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு செய்த ஆய்வில், கொசுக்கடி வழியாகவே அந்நோய் பரவுகிறது என்பதையும் மெய்ப்பித்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கண்டுபிடிப்பு நிகழ்ந்துவிட்டது. ஆனால் அதைக் கொண்டு ஓர் ஊரைக் காப்பாற்ற முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. கொசுவை ஒழிப்பது கடல்நீரைக் கையால் இறைப்பது போன்றது என்று பலர் எள்ளி நகையாடிய காலம் அது. கொய்னா மருந்தை எல்லாருக்கும் கொடுத்தால் போதும் என்றனர் சிலர். வாட்சனும் கொய்னா கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் தணிந்தது, மருந்தை நிறுத்தியதும் திரும்ப வந்தது. நோயாளிக்கு மருந்து தரலாம். ஓர் ஊருக்கே காலமெல்லாம் மருந்து ஊட்ட முடியுமா? நோயின் ஊற்றை அடைப்பதே வழி என்று அவர் முடிவு செய்தார்.

அதற்கு நீரை வடிக்க வேண்டும். குன்றின் அடிவாரத்தில் ஊற்றுநீர் கசிந்து தேங்கும் இடங்களைக் கண்டறிந்து, அவற்றைச் சுற்றிக் கால்வாய் வெட்டுமாறு வாட்சன் பரிந்துரைத்தார். ஊரை ஒட்டிய காட்டை அழிக்க வேண்டும் என்றார். சிலாங்கூர் மாநிலத் தலைமை மருத்துவர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். மேலிடத்தின் ஒப்புதல் கிடைத்து வேலையும் தொடங்கியது.

இதற்கிடையே வேறொரு நெருக்கடி மூண்டது. கிள்ளானுக்கு ஐந்து மைல் தொலைவில் கடலோரச் சதுப்பில் அரசு புதிய துறைமுகம் ஒன்றைக் கட்டியிருந்தது. இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் அந்த இடத்திற்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1901 செப்டம்பரில் திறப்பு விழா நடந்தது. சில வாரங்களுக்குள் துறைமுகத் தொழிலாளர்கள் காய்ச்சலில் விழுந்தனர். இரயில்வே ஊழியர்கள் விழுந்தனர். கரையோரம் நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் மாலுமிகளையும் நோய் விடவில்லை. பெரும் பணம் செலவழித்துக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் பேச்சு எழுந்தது. வாட்சன் மூட வேண்டாம் என்றார். கடல்நீர் உள்ளே வராதபடி கரை எழுப்பி, சதுப்பை வடித்து, காட்டை வெட்டினால் துறைமுகம் பிழைக்கும் என்று உறுதி கூறினார். அவர் சொன்னபடியே செய்யப்பட்டது.

இங்கேதான் வாட்சனின் தனித்தன்மை வெளிப்படுகிறது. கால்வாய் வெட்டியதும் வேலை முடிந்தது என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. எண்ணத் தொடங்கினார். மாதந்தோறும் மருத்துவமனைக்கு எத்தனை பேர் மலேரியாவுடன் வருகின்றனர், அவர்கள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள், எத்தனை பேர் இறந்தனர் என்றெல்லாம் குறித்து வைத்தார். அரசு ஊழியர்களுக்கு மலேரியாவுக்காக எத்தனை நாள் விடுப்புத் தரப்பட்டது என்பதைக்கூட அவர் விடவில்லை. 1901இல் அந்த விடுப்பு 1,026 நாள்கள். 1905இல் வெறும் 30 நாள்கள்.

கிள்ளான் நகரிலிருந்து 1901இல் 334 மலேரியா நோயாளிகள் மருத்துவமனையில் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு 129 பேர். அதற்கடுத்த ஆண்டு 48 பேர். 1905இல் 12 பேர். துறைமுகத்திலும் 188ஆக இருந்த எண்ணிக்கை நான்கு ஆண்டுகளில் 11ஆகச் சுருங்கியது. இறப்புக் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசியது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் 582 பேர் இறந்தனர். 1902இல் 144 பேர். ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இது தற்செயல் என்று யாரேனும் சொல்லக்கூடும். மழை குறைந்திருக்கலாம், நோய் தானாகவே ஓய்ந்திருக்கலாம் என்று வாதிடலாம். அதனால், கால்வாய் வெட்டப்படாத மாவட்டத்தின் பிற பகுதிகளையும் வாட்சன் கணக்கெடுத்தார். அங்கே 1901இல் காய்ச்சலால் இறந்தவர் 266 பேர். 1905இல் 351 பேர். அதாவது ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மாவட்டம். நீர் வடிக்கப்பட்ட இடத்தில் இறப்புக் குறைந்தது, வடிக்கப்படாத இடத்தில் கூடியது. 1904இல் அவர் குழந்தைகளின் இரத்தத்தையும் சோதித்தார். கிள்ளான் நகரில் 173 குழந்தைகளைப் பார்த்ததில் ஒரே ஒரு குழந்தையிடம் மட்டுமே மலேரியாக் கிருமி இருந்தது. பிற பகுதிகளில் 298 குழந்தைகளில் 101 பேரிடம் இருந்தது. நோய்க் கண்காணிப்பு என்று இன்று நாம் அழைக்கும் பணியின் தொடக்கக் காலத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. ரொனால்டு ராஸே இந்த வெற்றியைத் தம் நூலில் பெரிதாகப் பாராட்டினார்.

ஆனால் வாட்சனின் கடினமான ஆண்டுகள் இனிமேல்தான் வரவிருந்தன.

அக்காலத்தில் உலகெங்கும் மோட்டார் வண்டிகள் பெருகின. வண்டிச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. மலாயாவில் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டு ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. வேலைக்கு ஆள் வேண்டுமே! திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு எனத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்திறங்கினர். அவர்களைத் தோட்டத்து லயத்தில் காய்ச்சல் எதிர்கொண்டது. 1911ஆம் ஆண்டு கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு ஏறக்குறைய 63 பேர் வீதம் இறந்தனர். மொத்தம் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் இளவயதினர். அவர்கள் பெயர்கள் பதிவேடுகளோடு மறைந்தன. தோட்ட ஓரங்களில் புதைக்கப்பட்ட பலருக்கு ஒரு கல்கூட இல்லை.

தொழிலாளி உடல்வலு இல்லாதவன், ஊரிலிருந்து வரும்போதே நோயுடன் வந்தவன் என்று துரைமார்கள் பலர் கூறி வந்தனர். அந்தப் பேச்சை ஏற்பதா மறுப்பதா என்பதை வாட்சன் வாதத்தால் தீர்க்க முயலவில்லை. அவர் அரசுப் பணியிலிருந்து விலகித் தோட்டங்களின் மருத்துவராகியிருந்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்தார். ஒவ்வொரு குழந்தையின் இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

அங்கே இருப்பது மண்ணீரல். நலமாக இருப்பவரிடம் அது கைக்குத் தட்டுப்படாது. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கினால் அது வீங்கி விலாவுக்குக் கீழே இறங்கிவிடும். இரத்தம் எடுக்க வேண்டியதில்லை, நுண்ணோக்கி வேண்டியதில்லை, நூறு குழந்தைகளை ஒரே காலையில் சோதித்து முடிக்கலாம். குழந்தைகளை மட்டும் சோதித்ததற்கும் காரணம் உண்டு. பெரியவர்கள் இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என இடம் மாறக்கூடும். அவர்களது நோய் எங்கே தொற்றியது என்று சொல்ல முடியாது. குழந்தை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆதலால் நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்னும் கணக்கு, அந்த லயத்தைச் சுற்றிலும் எவ்வளவு மலேரியா இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். பால்மரக் காட்டுக்குள் பிறந்த தமிழ்க் குழந்தைகளே நாட்டின் நோய் வரைபடத்தை வரைய உதவினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது வாட்சன் திகைத்தார். கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் குழந்தைகளின் மண்ணீரல் வீக்கம் குறைந்தது. லயம் காட்டிலிருந்து அரை மைலுக்கு அப்பால் இருந்தால் நோயே இல்லை எனலாம். ஆனால் உள்நாட்டு மலைத் தோட்டங்களிலோ அதே வேலையைச் செய்தும் பயனில்லை. காட்டை வெட்டினார்கள், ஓடைகளைச் செதுக்கித் துப்புரவாக்கினார்கள், தேங்கிய நீர் தெளிந்து ஓடியது. நோய் கூடியது! கிள்ளானில் உயிர் காத்த முறை, சில மைல் தொலைவிலுள்ள குன்றுகளில் உயிரைப் பறித்தது.

காரணம் கொசுவிடம் இருந்தது. மலேரியாவைப் பரப்பும் கொசுக்கள் அனைத்தும் அனோபிலிஸ் இனத்தைச் சேர்ந்தவை. ஆனால் அந்த இனத்துக்குள் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விருப்பம். சமவெளியில் நோய் பரப்பிய அம்புரோசஸ் என்னும் வகை, காட்டு நிழலில் தேங்கிய பழுப்பு நீரில் முட்டையிடும். காட்டை வெட்டி வெயில் பட்டால் அது மறைந்துவிடும். மலைப்பகுதியின் மக்குலாட்டஸ் அதற்கு நேர்மாறானது. வெயில் படும், தெளிந்த, மெல்ல ஓடும் நீரே அதற்குப் பிடிக்கும். மரங்களை வெட்டி ஓடைக்கு வெளிச்சம் தந்தவர்கள், தெரியாமலே அதற்குத் தொட்டில் கட்டித் தந்துவிட்டார்கள்.

எந்தக் கொசு நோய் பரப்புகிறது என்று அறிந்து, அது வளரும் இடத்தை மட்டும் அழித்தால் போதும். எல்லாக் கொசுக்களையும் துரத்த வேண்டியதில்லை. வாட்சன் கண்ட இந்த வழிக்குப் பின்னாளில் டச்சு அறிவியலாளர் சுவெலன்கிரேபல் ஒரு பெயர் சூட்டினார்; இந்தோனேசியத் தீவுகளிலும் அதையே பின்பற்றினார்.

மலைத்தோட்ட ஓடைகளை என்ன செய்வது? சீஃபீல்டு போன்ற தோட்டங்களில் வாட்சன் மண்ணுக்கடியில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்து நீரை வெளியே தெரியாமல் ஓட வைத்தார். மேலே நீரே இல்லாவிட்டால் கொசு எங்கே முட்டையிடும்? முறை நல்லதுதான்; செலவு மிகுதி. கனமழை பெய்தால் குழாய்கள் அடைபட்டன. சில இடங்களில் பெயர்த்துக்கொண்டு போயின. அவர் மீண்டும் மீண்டும் மாற்றிப் புதைத்தார். பனாமாக் கால்வாய் வெட்டும் இடத்திற்கே சென்று அங்கு மலேரியா எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது என்று பார்த்து வந்து, 1915இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பின்னர் எண்ணெய் தெளிக்கும் முறை மலாயாத் தோட்டங்களில் பரவியது. நீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் விரிந்தால், மூச்சுவிட மேலே வரும் கொசுப்புழுக்கள் திணறி இறக்கும். முட்டை கொசுவாக மாறச் சில நாள்களே போதும். ஆகவே வாரந்தோறும் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் பழைய நிலைதான். எண்ணெய்த் தகரத்தை முதுகில் சுமந்து, அட்டைக்கடியைப் பொருட்படுத்தாமல் ஓடை ஓடையாக நடந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. வாட்சனின் பெயர் நூல்களில் நிற்கிறது. இவர்களின் பெயர் எதிலும் இல்லை.

துரைமார்கள் எல்லாரும் அவர் சொல்லை உடனே கேட்டுவிடவில்லை. கால்வாய்க்கும் குழாய்க்கும் எண்ணெய்க்கும் பணம் செலவாகும் அல்லவா? நோயில் படுத்த தொழிலாளி பால் வெட்ட முடியாது, இறந்தவனுக்குப் பதிலாகக் கடல் கடந்து இன்னொருவனைக் கொண்டுவர வேண்டும். இந்தச் செலவு கால்வாய்ச் செலவைவிட அதிகம் என்று வாட்சன் கணக்குப் போட்டுக் காட்டினார். மனித உயிரின் மதிப்பை இலாப நட்டக் கணக்கில் சொல்லவேண்டி வந்தது அந்தக் காலத்தின் குறை. ஆயினும் அந்தக் கணக்கு பலரை அசைத்தது. அவர் 1911இல் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூலில் இவை யாவும் புள்ளிவிவரங்களுடன் இருந்தன. பத்தாண்டுக்குப் பின் அதன் விரிவான இரண்டாம் பதிப்பும் வந்தது.

ஜொகூர் அன்று கூட்டரசு மலாய் மாநிலங்களில் சேராத தனி மாநிலம். ஆனால் மலைக்கொசு மாநில எல்லையை அறியுமா? கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. அதன் இருபுறமும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் எனத் தோட்டங்கள் பெருகின. அலையலையான குன்றுகளும் தெளிந்த ஓடைகளும் நிறைந்த ஜொகூரின் உட்பகுதி, மக்குலாட்டஸ் கொசுவுக்கு ஏற்ற நிலம். சிலாங்கூரின் குன்றுகளில் வாட்சன் தவறியும் தேறியும் கற்ற பாடம் இத்தகைய நிலங்களுக்கெல்லாம் தேவைப்பட்டது.

1924ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. மலாயாவில் கால் நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றிவிட்டு அவர் இங்கிலாந்து திரும்பினார். ரொனால்டு ராஸின் பெயரில் லண்டனில் அமைந்த ஆய்வு நிலையத்தில் மலேரியாத் தடுப்புப் பணிக்குப் பொறுப்பேற்றார். அங்கிருந்து அவரது வேலை வேறு நாடுகளுக்கும் விரிந்தது. இன்று சாம்பியா எனப்படும் நாட்டின் செம்புச் சுரங்கப் பகுதியில் மலேரியாவால் தொழிலாளர்கள் ஓடிக்கொண்டிருந்தனர். கிள்ளானில் செய்ததையே, அங்குள்ள கொசு எது என்று முதலில் தேடிய பிறகு, அங்கும் செய்தார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களிலோ, வெயிலை விரும்பும் கொசுவை ஒழிக்க ஓடைக்கரைகளில் செடிகளை அடர்த்தியாக வளர்த்து நிழல் உண்டாக்கினர். ஓரிடத்தில் காட்டை வெட்டுவதும், வேறோரிடத்தில் செடி வளர்ப்பதும் ஒரே அறிவின் இரண்டு முகங்கள். முதுமையில் ஆப்பிரிக்க அனுபவங்களையும் நூலாக்கிய வாட்சன், 1955ஆம் ஆண்டு தமது எண்பத்திரண்டாம் வயதில் காலமானார்.

அவர் மறைந்தபோதும் மலாயாவில் மலேரியா ஒழியவில்லை. 1967இல் மலேசிய அரசு மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அந்நோய்க்கு ஆளாகி வந்தனர். வீட்டுச் சுவர்களில் மருந்து தெளித்தார்கள்; காய்ச்சல் கண்டவர் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் கண்ணாடித் தகட்டில் எடுத்துச் சோதித்தார்கள்; ஒருவருக்கு நோய் இருந்தால் அவர் எங்கே தங்கினார், அருகில் எந்த ஓடை ஓடுகிறது என்று தேடிப் போனார்கள். 2018ஆம் ஆண்டு முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

எனினும் கண்காணிப்பு நிற்கவில்லை. காட்டுக் குரங்குகளிடம் வாழும் நோலேசி என்னும் மலேரியாக் கிருமி மனிதரையும் தாக்கும் என்பது 1965இல் பகாங் காட்டுக்குச் சென்று வந்த ஒருவரிடம் முதன்முதலில் தெரியவந்தது. அதே கிருமியாக இருக்கலாம் எனக் கருதப்பட்ட அடுத்த நோயாளி ஜொகூரைச் சேர்ந்தவர். அச்செய்தி 1971இல் வெளியானது. சபா, சரவாக் மாநிலங்களில் அந்நோய் இன்று மிகுதியாகக் காணப்படுகிறது. காட்டோரத் தோட்டத்திலோ மரம் வெட்டும் இடத்திலோ வேலை செய்யும் ஒருவர் காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வந்தால், அண்மையில் எந்தக் காட்டுப் பக்கம் போனீர்கள் என்று மருத்துவர் இன்றும் முதலில் கேட்கிறார். விடை நோயாளியின் பதிவேட்டில் ஏறுகிறது; சுகாதார ஊழியர் ஒருவர் கைவிளக்கும் கொசுப்புழு அள்ளும் கரண்டியும் எடுத்துக்கொண்டு அந்த ஓடையை நோக்கிப் புறப்படுகிறார்.